பலகையில் ஒரு மாத்தோ

கிள்ளான்
6 மார்ச் 2023

புனிதா,

'அன்புள்ள'ன்னு எழுதிட்டு அடிச்சிட்டேன், மேலே பார்த்தா தெரியும். அன்பு இல்லாம இல்ல. கோவம் இன்னும் போகல. ஏர்போர்ட்டுல நீ திரும்பிக்கூடப் பார்க்காம உள்ள போனே. நானும் கை காட்டல, அது வேற.

பன்னிரண்டு வருஷத்துல உனக்கு நான் எழுதுற முதல் லெட்டர் இது. உலகத்துல போன் எடுக்காத இடம் ஒன்னு தேடிப் பிடிச்சுப் போயிருக்கே பாரு, அதுக்கே உனக்கு இன்னொரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம். போஸ்ட் ஆபீஸ்ல மோத்துவாக்கான்னு சொன்னேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு ரொம்ப நேரம் கம்ப்யூட்டரைத் தட்டிட்டு, "சபா மாநிலத்துப் பக்கமா அங்கிள்?"னு கேட்டுச்சு. பசிபிக் கடல்ல, முந்நூறு பேர் இருக்கிற மணல் வளையம், நடுவுல உப்புத் தண்ணி, என் பொண்டாட்டி அங்க பாஷை படிக்கப் போயிருக்கான்னு சொன்னேன். ஏன் இங்க பாஷை இல்லையான்னு கேக்கல. நல்ல பொண்ணு.

துறைமுகத்துல உக்காந்து, எந்தப் பெட்டி எந்தக் கப்பல்ல ஏறணும்னு நாள் பூரா சொல்ற வேலை எனக்கு. ஆப்பிரிக்காவுக்கு ஒரு பெட்டி எப்ப போய்ச் சேரும்னு மணிக்கணக்கோட சொல்லுவேன். இந்தக் கடுதாசி உன் கைக்கு எப்ப வரும்னு எனக்குத் தெரியல. எரிச்சலா இருக்குலா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இதை எழுதத்தான் மூணு நாளா பேனாவை எடுத்து எடுத்து வெச்சேன்.

வெல்ஃபேர் ஆபீஸ்ல இருந்து சீதாலெட்சுமி மேடம் கூப்பிட்டாங்க. ஒரு பொம்பளப் பிள்ளை. நாலு வயசு. பேரு சிந்து. ரவாங்ல ஒரு ஹோம்ல இருக்கா. அப்பா அம்மா இல்ல. சொந்தக்காரங்க எல்லாரும் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. "இந்தத் தடவை யாரும் திரும்பி வந்து கேக்க மாட்டாங்க திருமுருகன்"னு மேடம் ரெண்டு தடவை சொன்னாங்க. அவங்களுக்கும் மறக்கல போல.

முதல்ல நம்ம ரெண்டு பேரோட சம்மதம் வேணும். கடைசியா ஒரு இன்டர்வியூ. அதுக்கு நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும். ஒருத்தர் வரலன்னா பிள்ளை அடுத்த குடும்பத்துக்குப் போயிரும்.

ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க ஆறு வருஷம் காத்திருந்தோம் புனிதா. நீ கிளம்பி ஏழாவது வாரம் போன் வருது. சிரிக்கிறதா அழுவுறதா?

வா.

திரு

—

மோத்துவாக்கா
2 மே 2023

திரு,

நீங்க எழுதின கடிதம் இன்னைக்குக் காலையிலதான் கிடைச்சுச்சு. நான் உங்களை 'நீங்க'ன்னு எழுதினா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். விளக்க வேண்டாம்.

கப்பல் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரும், அதுவும் அதுக்கு மனசு வந்தாத்தான். பவளப்பாறைக்கு வெளியிலயே நாலு மணி நேரம் நிக்கும். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், கடுதாசி எல்லாம் படகுல இறங்கும். அந்த நாலு மணி நேரத்துக்குள்ள உங்க கடுதாசியைப் படிச்சு, அழுது, மூஞ்சி கழுவி, பதில் எழுதணும். இதுல மூணு மணி நேரம் போயாச்சு.

ஏர்போர்ட்டுல நான் ஏன் திரும்பிப் பார்க்கலன்னு கேக்கலையே நீங்க? நானே சொல்றேன். "நீ போ, நாங்க பார்த்துக்குவோம்"னு சொன்னீங்க. நாங்க! யாரு நாங்க? வீட்டுல இருந்தது நீங்க ஒருத்தர். யாரைச் சேர்த்துக்கிட்டு என்னை வெளிய தள்ளுனீங்க? விமானத்துல எட்டு மணி நேரம் அந்த ஒரு சொல்லுதான் காதுல.

உங்களுக்கு இது சின்ன விஷயம். எனக்கு இதான் பொழப்பு. இங்கிலீஷ்ல 'வி'ன்னு ஒன்னை வெச்சு எல்லாரையும் ஒரே கூடையில போட்டுருவாங்க. நமக்கு அப்படி இல்ல. 'நாம'ன்னா கேக்கிறவனும் உள்ள. 'நாங்க'ன்னா கேக்கிறவன் வெளிய. மலாய்லயும் கீத்தா, காமின்னு இருக்கே. இந்தத் தீவுல இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க. ரெண்டு பேருக்குத் தனி, அதுக்கு மேல தனி. நாலு சொல்லு:

தாவுவா: நீயும் நானும். ரெண்டே பேர்.
மாவுவா: நானும் இன்னொருத்தரும். நீ இல்ல.
தாத்தோ: நீயும் சேர்த்து நாம எல்லாரும். மூணு பேருக்குக் குறையாம.
மாத்தோ: நாங்க எல்லாரும். மூணு பேருக்குக் குறையாம. நீ மட்டும் இல்ல.

இங்க ஒருத்தர் வாயைத் திறந்து இந்தச் சொல்லைச் சொன்ன உடனே, நீங்க உள்ளேயா வெளியேயான்னு தெரிஞ்சிரும். நான் சினா வீட்டுல தங்கியிருக்கேன். என் வயசுதான், ஸ்கூல் டீச்சர். நான் வந்த முதல் வாரம் அவ வீட்டுல எல்லாரும் மாத்தோ, மாத்தோன்னே பேசினாங்க. பாயை எடுத்துக்கிட்டு வெளியில போய்ப் படுக்கலாமான்னு இருந்துச்சு.

இங்க பிள்ளைங்களுக்குச் சொந்தப் பாஷையில ஒரு பாடப் புஸ்தகம் கிடையாது. முதல் வகுப்புப் புஸ்தகம் ஒன்னு சினாவும் நானும் எழுதறோம். டிசம்பருக்குள்ள முடிக்கிறோம்னு ஊர்க் கூட்டத்துல வாக்குக் கொடுத்துட்டேன்.

சிந்து விஷயத்துக்கு இப்ப பதில் சொல்ல முடியல. படகு கரைக்கு வந்துருச்சு, கூப்பிடுறாங்க. போட்டோ இருந்தா அனுப்புங்க. இல்ல, அனுப்ப வேணாம். அனுப்புங்க.

புனிதா

—

கிள்ளான்
18 ஜூன் 2023

புனிதா மேடம் அவர்களுக்கு,

நீங்க, உங்கன்னு ஒரு டஜன் இடத்துல போட்டிருக்கே. எண்ணினேன். என்னை உள்ள விடாத கதவு அது ஒன்னு போதும், உன் தீவுச் சொல்லு எல்லாம் எதுக்கு?

அந்த 'நாங்க'வைப் பத்தி ரெண்டு நாள் யோசிச்சேன். அன்னைக்கு யாரைச் சேர்த்துச் சொன்னேன்னு எனக்கே தெரியல. 'நான் பார்த்துக்குவேன்'னு சொல்லியிருந்தா நான் தனி ஆளுன்னு ஆயிருக்கும். அத்தனை பேர் முன்னால தனியா நிக்க வெக்கமா இருந்துச்சு. 'நாங்க'ன்னு சொன்னா பின்னால நாலு பேர் நிக்கிற மாதிரி ஒரு தைரியம். அவ்வளவுதான். போதுமா?

இன்னைக்கு ரவாங் போனேன். உன் பதிலுக்குக் காத்திருக்க முடியல, திட்டணும்னா திட்டு. கேஎல் சென்ட்ரல்ல அடுத்த ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்துச்சு, பிரிக்ஃபீல்ட்ஸ்ல இறங்கி நடந்தேன். நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன வாங்கிக்கிட்டுப் போறதுன்னு தெரியாம கடை கடையா நின்னு, கடைசியில ஒரு கலர் பென்சில் டப்பா வாங்கினேன். நாம ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் கல்யாணம் முடிஞ்சு சாப்பிட்ட கடையில இப்ப போன் கவர் விக்கிறான்.

சிந்து கதவுக்குப் பின்னால நின்னு ஒரு கண்ணால பார்த்தா. கையில ஒத்தைச் செருப்பு. இன்னொன்னு எங்கம்மான்னு கேட்டேன். "நாங்க தொலைச்சிட்டோம்"னா. சாப்பிட்டியா? "நாங்க சாப்பிட்டோம்." சுவத்துல ஒட்டியிருக்கே, அந்த மீன் நீ வரைஞ்சதா? "நாங்க வரைஞ்சோம்."

தனியாத்தான் நின்னா புனிதா. சுத்தி ஒருத்தரும் இல்ல. ஹோம் பார்த்துக்கிற இராஜம்மா அக்கா சொன்னாங்க, பதினெட்டுப் பிள்ளைங்க ஒன்னா எழுந்து ஒன்னா சாப்பிட்டு ஒன்னா தூங்குதுங்க, இதுக்கு 'நான்'னே வாயில வராதுன்னு. எனக்குச் சட்டுனு உன் லெட்டர் ஞாபகம் வந்துச்சு. ஒத்தையா நின்னுக்கிட்டு 'நாங்க'ன்னு சொல்ற ஆளு இந்தச் சிலாங்கூர்ல நான் மட்டும் இல்ல.

கிளம்பும்போது பென்சில் டப்பாவைக் கொடுத்தேன். "நாங்க தேங்க் யூ"ன்னா.

மேடம்கிட்ட கெஞ்சிப் பார்த்ததுல ஒரு வழி சொன்னாங்க. நீ கைப்பட ஒரு சம்மதக் கடிதம் எழுதி, ஊர்ப் பெரியவர் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினா, செப்டம்பர்ல இருந்து சோதனையா என்கிட்ட விடுவாங்க. கடைசி இன்டர்வியூ ஜனவரி 17, ஷா ஆலம்ல. அதுக்கு நீ வந்தே ஆகணும். அதுல மாத்தமே இல்லன்னுட்டாங்க.

போட்டோ வெச்சிருக்கேன். ஒத்தைச் செருப்போட இருக்கா.

திரு

—

மோத்துவாக்கா
22 ஜூலை 2023

திரு,

நீ.

பாரு, எழுதிட்டேன். போதுமா?

உன் லெட்டர் போன கப்பல்ல வந்துச்சு. அன்னைக்கு என்னால பதில் எழுத முடியல. வெறும் கையோட படகை அனுப்பிட்டேன். அதுல இருந்து ஒரு இடத்துல உக்கார முடியல. இந்தத் தீவைச் சுத்தி வர நாப்பது நிமிஷம் ஆகும். ஒரு நாளைக்கு ஆறு சுத்து சுத்தறேன். சினா கேக்கிறா, எதைத் தொலைச்சேன்னு. செருப்புன்னு சொன்னேன்.

10 ஆகஸ்ட்

கப்பல் வரல. ரேடியோவுல அடுத்த வாரம்னாங்க. நேத்தும் அடுத்த வாரம்னாங்க.

உண்மையைச் சொல்லிடறேன் திரு. பாஷைக்காகத்தான் வந்தேன், ஆனா பாஷைக்காக மட்டும் வரல. ரிஷியைப் பதினோரு நாள் வெச்சிருந்தோம். ராத்திரி நீ பால் கலக்கினா நான் தூங்குவேன், நான் கலக்கினா நீ தூங்குவே, மாத்தி மாத்தி. பன்னிரண்டாவது நாள் அவனோட அத்தை வந்து நின்னாங்க. கொடுத்துட்டோம். சட்டம் அவங்க பக்கம், சரி. ஆனா அந்தப் பால் டின் மூணு வருஷமா அலமாரி மேல்தட்டுல இருக்கு. நீயும் தூக்கிப் போடல, நானும் போடல, அதைப் பத்திப் பேசவும் இல்ல. ரெண்டு பேரும் கீழ்த்தட்டைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தோம்.

அடுத்த போன் எப்பவாவது வரும்னு எனக்குத் தெரியும். அது வரும்போது நான் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அதான் இவ்வளவு தூரம். நான் பயந்தாங்கொள்ளி. நீ கோவக்காரன். நல்ல ஜோடி.

21 ஆகஸ்ட்

கப்பல் தெரியுது! சம்மதக் கடிதம் இதோட வெச்சிருக்கேன். ஊர்த் தலைவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை இல்லாததால பெருவிரலை மையில நனைச்சு ஒரு ரேகையும் வெச்சாரு. மேடம் சிரிச்சா சிரிக்கட்டும்.

டிசம்பர் கப்பல்ல ஏறணும்னு எனக்கும் தெரியும். புஸ்தகம் முடியுமான்னு தெரியல, மனசும் தெரியல. ஏறுவேன்னு சத்தியம் பண்ண முடியல திரு. அவளுக்கு இப்பவே என்னைப் பத்தி எதுவும் சொல்லாதே. வராத ஆளைப் பத்திச் சொல்லி வெச்சிட்டா அது பாவம்.

அந்தப் போட்டோ என் தலையணைக்குக் கீழ இருக்கு. ஒரு காலு மணல்ல இருக்கிற மாதிரி நிக்கிறா.

புனிதா

—

கிள்ளான்
8 அக்டோபர் 2023

புனிதா,

மணி காலை ஆறரை. அடுப்புல மீகூன் நூடுல்ஸ். ஒரு கையில கரண்டி, ஒரு கையில பேனா. உன் ஆறு சுத்து எல்லாம் ஒன்னும் இல்ல, இங்க நான் இந்த வீட்டுக்குள்ளேயே அறுபது சுத்து.

சிந்து வந்து நாலு வாரம் ஆச்சு. மேடம் அந்தக் கைரேகையைப் பார்த்துச் சிரிக்கல. பிளாஸ்டிக் உறையில போட்டு ஃபைல்ல வெச்சாங்க.

அவளுக்கு மைலோ சூடா இருக்கக் கூடாது, ஆனா ஆறியும் இருக்கக் கூடாது. கதவைச் சாத்தினா தூங்க மாட்டா. தாடிக்காவுல, அதான் பாலர் பள்ளியில, விட்டுட்டுத் திரும்பும்போது காடிக் கண்ணாடியைத் தட்டி, "நாங்க எத்தனை மணிக்கு வருவோம்?"னு கேக்கிறா. என்னை அங்கிள்ங்கிறா. இன்னும் நாங்க, நாங்கதான். அந்த நாங்கவுல நான் கிடையாது. "முட்டை எங்களுக்குப் பிடிக்காது"ன்னா, அவளுக்குப் பிடிக்காது, நான் தின்னுக்கலாம்.

தலை பின்ன எனக்கு வரல. யூடியூப் பார்த்து ஒரு நாள் பின்னினேன், தாடிக்கா டீச்சர் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. இப்ப பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற தாமரை காலையில வந்து பின்னி விடுறாங்க. அவங்க கைக்கு இவ அசையாம உக்காருறா. நல்ல மனுஷி. மீன் கறி வெச்சா ஒரு கிண்ணம் இங்கேயும் வந்துரும்.

நீ சொல்லாதேன்னு சொன்னதைச் சொல்லிட்டேன். உன் போட்டோவைப் பார்த்து இது யாருன்னு கேட்டா. அம்மான்னேன். எங்க இருக்காங்க? கடல்ல. "நனைஞ்சிருப்பாங்களே"ன்னா. வேற எதுவும் கேக்கல. அன்னைக்குக் குளிச்சிட்டு வந்து, துண்டை மடிச்சு உன் போட்டோ பக்கத்துல வெச்சிட்டா.

அலமாரி மேல்தட்டைத் திறந்தேன். டின்னைக் கழுவி, அதுல அவ கலர் பென்சில் எல்லாம் போட்டு வெச்சிருக்கா. சொல்லணும்னு தோணுச்சு.

இதோட ஒரு போட்டோ. வாசல் பலகையைப் பாரு. நானும் சிந்துவும் மூணு நாளா வரைஞ்சோம். சுத்தி இருக்கிற மீன் எல்லாம் அவளோடது. நடுவுல இருக்கிற சொல்லு உன் பாஷை. உனக்கு விளக்கம் தேவையில்ல. படிச்ச உடனே கிளம்பி வந்துருவே.

மீகூன் அடிப்பிடிக்குது.

திரு

—

கிள்ளான்
1 டிசம்பர் 2023

புனிதா, புனிதா, புனிதா,

இந்த லெட்டர் உனக்குக் கிடைக்காதுன்னு தெரியும். டிசம்பர்க் கப்பலுக்கு முன்னால எந்தக் காக்கா வந்து கொடுக்கப் போகுது? இருந்தாலும் எழுதாம இருக்க முடியல.

நேத்து சிந்துவுக்கு அந்த நாலு சொல்லையும் சொல்லிக் கொடுக்கலாம்னு உன் மே மாசத்து லெட்டரை எடுத்தேன். எடுத்துப் பார்த்தா, அட கடவுளே!

பலகையில மாத்தோன்னு எழுதி வெச்சிருக்கேன். நான் எழுத நினைச்சது தாத்தோ. நாம மூணு பேர், நீயும் உள்ள. எழுதும்போது லெட்டரைப் பார்க்கல, மனசுல இருந்ததை வெச்சு எழுதினேன். மனசுல எப்படி வெச்சிருந்தேன்னு கேளு: தாத்தோன்னா தாத்தா மாதிரி இருக்கு, நம்ம வீட்டுல தாத்தா இல்ல. மாத்தோவுல 'மா' இருக்கு, அம்மா இருக்காங்க, அப்ப அம்மா சேர்ந்த சொல்லு அதான்! சிந்துவுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அவ தினமும் தாடிக்காவுக்குப் போகும்போது பலகையில 'மா'வைத் தொட்டு, "அம்மா, நாங்க போயிட்டு வர்றோம்"னு சொல்லிட்டுப் போறா.

அதோட விட்டுச்சா? அந்தப் போட்டோவை எடுத்தது தாமரையோட வீட்டுக்காரர், வீரப்பன் அண்ணன். "நீயும் நில்லு"ன்னு அவங்களையும் பக்கத்துல நிறுத்திட்டாரு. நான், சிந்து, தாமரை. மூணு பேர். மேல பெரிசா, 'நாங்க, நீ மட்டும் இல்ல'.

நான் வீரப்பன் அண்ணன் பேரை அந்த லெட்டர்ல எழுதினேனா? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. எழுதல போல.

ஏற்கெனவே வரட்டுமா வேணாமான்னு கரையில நிக்கிற ஆளு நீ. நானே கதவைச் சாத்தி, வெளியில பேரும் எழுதி மாட்டிட்டேன். ரேடியோவுல தகவல் சொல்ல முடியுமான்னு அந்த ஊர் டவுன் ஆபீஸுக்குப் போன் போட்டேன். சாவு, சீக்குன்னா மட்டும்தான் சொல்லுவாங்களாம். இது என்ன கணக்குல சேரும்னு கேட்டேன். வெச்சுட்டாங்க.

வந்துரு புனிதா. தப்பு என் கையோடது. வந்துரு.

திரு

—

கப்பல்ல இருந்து
9 டிசம்பர் 2023

திரு,

எழுத்து கோணலா இருக்கு, பாதி கப்பல் ஆட்டம், பாதி கோவம்.

முந்தாநாள் கப்பல் வந்துச்சு. புஸ்தகத்துல இன்னும் நாலு பக்கம் பாக்கி. இந்தக் கப்பலை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகலாம்னு காலையில முடிவு பண்ணி வெச்சிருந்தேன். ஆமா, பண்ணியிருந்தேன். பிப்ரவரியில வந்து உன் கால்ல விழுந்துக்கலாம்னு நினைச்சேன். அப்பதான் உன் லெட்டர் வந்துச்சு.

பென்சில் டின்னைப் படிச்சிட்டு அழுதேன். துண்டைப் படிச்சிட்டு அழுதேன். அப்புறம் போட்டோ. நீ, சிந்து, பச்சைச் சேலையில ஒரு அம்மா. தலைக்கு மேல பலகை. தமிழ்ல எழுதியிருந்ததால சினாவுக்குத் தெரியல, என்னன்னு கேட்டா. வாசிச்சேன். அவ போட்டோவை வாங்கி மூணு பேரையும் விரல் விட்டு எண்ணிட்டுச் சொன்னா: "உன் புருஷனுக்குப் பாஷை ரொம்ப நல்லா வருதே. நாங்க மூணு பேரு, நீ இதுல இல்லன்னு சரியா எழுதியிருக்காரு."

ஊரே கூடிருச்சு திரு. ஆளாளுக்குப் போட்டோவைக் கையில வாங்கி, என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாங்க. ஊர்த் தலைவர், கைரேகை வெச்சாரே அவர்தான், "பொம்பளைக்கு உடம்பு நல்லா இருக்கு"ன்னாரு.

எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமா இடது எது வலது எதுன்னு காடியில தப்பாச் சொல்ற மனுஷன் நீ. இதுவும் தப்பாத்தான் எழுதியிருப்பே. தொண்ணூத்தொன்பது சதவீதம் தெரியும். ஆனா அந்த ஒரு சதவீதம் இருக்கே, அது என்னைக் கரையில நிக்க விடல. அந்தப் பொம்பளை தலை பின்னி, மீன் கறி கொடுத்து, பலகைக்குக் கீழேயும் நின்னுட்டா. நான் மூணு வருஷம் பயந்துக்கிட்டே இருந்தது ஒரு குழந்தை வெளிய போயிரும்னு. நான் வெளிய நிக்கிறது எனக்குத் தெரியவே இல்ல பாரு.

படகு கிளம்ப பத்து நிமிஷம் இருக்கும்போது பெட்டியைத் தூக்கினேன். புஸ்தகம்னு ஆரம்பிச்சேன். நாலு பக்கம்தானே, நான் போட்டுக்கிறேன், நீ முதல்ல போய் அவ முடியைப் பிடின்னா சினா. படகுல ஏறினதுக்கு அப்புறம் தண்ணிக்குள்ள இடுப்பளவு நடந்து வந்து, என் கையைப் பிடிச்சு, "தாவுவா"ன்னா. நீயும் நானும். பத்து மாசத்துல அவ எனக்கு அந்தச் சொல்லைச் சொன்னது அதான் முதல் தடவை.

டவுன் போனா போன் இருக்கும். நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா நீ "ஐயோ, தப்பா எழுதிட்டேன்"னு சொல்லுவே. எனக்கு நிம்மதி வந்துரும். நிம்மதி வந்தா பழைய பயம் வந்துரும், திரும்பிருவேன். என்னை எனக்குத் தெரியும். கோவத்தோடயே வந்து சேர்றேன். வாசல்ல நின்னு கேப்பேன், மூணாவது ஆளு யாருன்னு.

இந்த லெட்டர் அநேகமா எனக்கு அப்புறம்தான் வீட்டுக்கு வரும். வந்தா சிரிக்காதே.

புனிதா

—

கிள்ளான், நம்ம சமையல்கட்டு
18 ஜனவரி 2024

திரு,

டிபன் டப்பாவுக்குள்ள என்னடா கடுதாசின்னு பார்க்காதே. முதல்ல சாப்பிடு, அப்புறம் படி. உன் கிரேன்காரங்க முன்னால படிக்காதே, மூக்கை உறிஞ்சுவே.

நமக்கு இப்ப போன் இருக்கு, ஒரே வீட்டுல இருக்கோம், வாய் இருக்கு. ஆனா நேத்து சாயங்காலத்துல இருந்து இதைச் சொல்ல வாயைத் திறந்தா வேற எதையாவது பேசிடறேன். ஒரு வருஷமா எழுதி எழுதிக் கெட்டுப் போயிட்டேன்.

நேத்து ஷா ஆலம்ல நீ எங்களை வாசல்ல இறக்கி விட்டுட்டு பார்க்கிங் தேடிச் சுத்திக்கிட்டு இருந்தப்ப, மேடம் எங்களை உள்ள கூப்பிட்டுட்டாங்க. நீ வந்து சேர்றதுக்குள்ள நடந்தது உனக்குத் தெரியாது. கையெழுத்து ஆச்சு, ஃபைல் கோர்ட்டுக்குப் போகுது, அது மட்டும்தான் உனக்குத் தெரியும்.

நான் வந்து நாலு வாரம். சிந்துவுக்கு நீ அங்கிள், நான் ஆன்டி. முதல் நாள் நான் வாசல்ல கோவமா நின்னப்ப கேட்டுக்குள்ள இருந்து, "நாங்க சாப்பிட்டோம். நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னா. கேட்டையும் திறக்கல. பச்சைச் சேலைக்காரியோட முடியைப் பிடிக்க வந்தவ, அங்கேயே உக்காந்துட்டேன். அதுக்கு அப்புறமும் ஒவ்வொரு நாளும் நாங்க குளிச்சோம், நாங்க தூங்கப் போறோம். எனக்கு இது புதுசு இல்ல. மாத்தோ கேட்டுப் பழகின காது.

நேத்து எனக்கு ஒரே கவலை. ஆன்டின்னு சொல்லிட்டா என்ன ஆகும்னு. மேடம் குனிஞ்சு, "சிந்து, வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. சிந்து மேசை மேல இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தா. என் கையைப் பிடிச்சா. விரல் பிசுபிசுன்னு இருந்துச்சு, காடியில அந்தச் சாக்லேட்டைக் கொடுக்காதேன்னு சொன்னேன்ல.

"நாம இருக்கோம்"னா.

நாம! மேடம் சிரிச்சிட்டு, "நானுமா?"ன்னாங்க. இவ கொஞ்சம் யோசிச்சு, "சரி, நீங்களும் வாங்க"ன்னா.

இலக்கணப்படி தப்பு திரு. மேடத்தையும் உள்ள இழுத்துட்டா. 'நாங்க'ன்னுதான் சொல்லியிருக்கணும். பத்து மாசம் இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே வீடு வீடா ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவ நான். திருத்தல. மேடம் கையெழுத்துப் போட்டாங்க. அப்பதான் நீ வேர்த்து ஒழுகிக்கிட்டு, சமான் ஒட்டி அபராதம் போட்டுருவாங்களோன்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்தே.

இன்னும் ஒன்னு. இன்னைக்குக் காலையில நீ குளிக்கும்போது, கறுப்பு மார்க்கரை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனேன். அந்தப் பலகையில ஒரு எழுத்தை மாத்தினா சரியாயிரும், 'மா'வை 'தா'ன்னு ஆக்கிட்டா போதும். ஸ்டூல் போட்டு ஏறிட்டேன். சிந்து ஒரு கால்ல செருப்போட ஓடி வந்து என் பாவாடையைப் பிடிச்சு இழுத்தா.

"அதை அழிக்காதீங்க. அது அம்மா."

தப்பும்மா, இந்த எழுத்து இங்க வரக் கூடாதுன்னு சொல்ல ஆரம்பிச்சேன். அவ பலகையைக் காட்டல திரு. என்னைக் காட்டிக்கிட்டு நின்னா. "மா போனா நீங்க போயிருவீங்க"ன்னா.

மார்க்கரை டிராயர்ல வெச்சுட்டேன். நீயும் எடுக்காதே. சினா என்னைக்காவது இங்க வந்தா சிரிப்பா, சிரிக்கட்டும்.

வரும்போது சிந்துவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிட்டு வா, பதினொன்னாம் நம்பர். தொலைஞ்ச அந்த இன்னொரு செருப்பு இன்னும் கிடைக்கல.

புனிதா